802.1எக்ஸ் போட்ட பிறகு காலையில் பிரிண்டர் ஐ.பி. வாங்கவில்லை, போன் போர்ட் செத்துப்போகிறது

மூன்றாம்மாடி:

வணக்கம். மூன்று மாடி அலுவலகம், மாடிக்கு இரண்டு 48 போர்ட் ஸ்விட்ச், எல்லாம் சிஸ்கோ கேட்டலிஸ்ட். யாரை உள்ளே விடலாம் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் ரேடியஸ் வேலையை விண்டோஸ் சர்வரில் உள்ள என்.பி.எஸ். பார்க்கிறது. தணிக்கைக்கு வந்தவர் கூட்ட அறைச் சுவரில் இருந்த ஜாக்கில் தன் மடிக்கணினியைச் செருகி, ஃபைல் சர்வரின் பெயர் தெரிகிற வரை போய்க் காட்டிவிட்டார். அறிக்கையில் முதல் குறையே அதுதான். உடனே டாட்1எக்ஸ், அதாவது அடையாளத்தை நிரூபித்தால்தான் போர்ட் திறக்கிற 802.1எக்ஸ், போடு என்று உத்தரவு வந்துவிட்டது.

இப்போது முதல் மாடியில் மட்டும் போட்டிருக்கிறோம். கணினிகளுக்கு பீப், அதாவது டொமைன் பயனர்பெயரும் பாஸ்வேர்டும். பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவுக் கருவி இவற்றுக்கு எம்.ஏ.பி.; மேக் முகவரியைப் பார்த்து உள்ளே விடுவது. ஐ.பி. போன் உள்ள மேசைகளில் போனுக்குப் பின்னால் கணினி. போர்ட்டில் ஹோஸ்ட்-மோட் மல்டி-டொமைன் (ஒரு போன், ஒரு கணினி), வரிசை முதலில் டாட்1எக்ஸ் பிறகு எம்.ஏ.பி. டைமர் எதையும் தொடவில்லை.

நடப்பது இது. இரவில் பிரிண்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் போட்டால் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்கிறது. அணைத்துப் போட்டாலும் அதே கதை. சும்மா ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, அதன் முன்பலகையில் ஐ.பி.யைப் புதுப்பிக்கச் சொன்னால் உடனே சரியான முகவரி வாங்கிவிடுகிறது.

கணக்குப் பிரிவில் உள்ள பிரிண்டருக்குக் கையாலேயே ஐ.பி. கொடுத்திருக்கிறோம். அது வேறு மாதிரி. காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் யாரும் அச்சிடாமல் கொஞ்ச நேரம் விட்டால் அவ்வளவுதான், பிங் கூடப் போகாது. பக்கத்தில் போய் ஏதாவது பொத்தானை அழுத்தினால் உயிர் வருகிறது.

போன் மேசைகளில் ஒருவர் தன் கணினியைக் கழற்றிக்கொண்டு போன பிறகு இன்னொருவர் அதே போனில் செருகினால் மொத்த போர்ட்டும் எர்-டிசேபிள் ஆகிவிடுகிறது, அதாவது ஸ்விட்சே அதை மூடிவிடுகிறது. போனும் சேர்ந்து அணைகிறது.

கடைசியாக, புதிதாக வந்த விண்டோஸ் 11 எண்டர்பிரைஸ் மடிக்கணினிகள் ஒவ்வொரு முறையும் பயனர்பெயர் கேட்கின்றன. விண்டோஸ் 10 கணினிகள் கேட்பதில்லை. குரூப் பாலிசி இரண்டுக்கும் ஒன்றுதான்.

மேலாளர் தினமும் "அடுத்த மாடி எப்போ?" என்கிறார். இதற்குப் பேசாமல் போர்ட் செக்யூரிட்டியில் மேக் முகவரியை ஒட்டிவைத்து முடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செருகிக்கழற்றி:

எல்லா போர்ட்டிலும் ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட் (செருகியதும் போர்ட் காத்திருக்காமல் திறக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதிலேயே 30 விநாடி போய்விடும்.

போர்ட் செக்யூரிட்டி வேண்டவே வேண்டாம். யாராவது மேசை மாறும்போதெல்லாம் உங்களுக்குத்தான் போன் வரும். தணிக்கைக்காரர் அடுத்த முறை பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் மேக் முகவரியைத் தன் மடிக்கணினியில் அடித்துக் காட்டுவார், மறுபடியும் அதே முதல் குறை.

ரேக்குப்பின்னால்:

போர்ட்ஃபாஸ்ட் இருக்குன்னே வெச்சுக்குவோம். நீங்க சொன்ன நாலும் நாலு தனித்தனி விஷயம். ஒரே எர்ரர்னு நினைச்சு ஒரே கட்டளையில தீர்க்கப் பார்த்தா கிறுக்குப் பிடிச்சிடும்.

காலைப் பிரிண்டர். போர்ட் மேல வந்ததும் ஸ்விட்ச் ஒரு ஈ.ஏ.பி. ஐடென்டிட்டி ரிக்வெஸ்ட், அதாவது "நீ யாரு?"ங்கிற கேள்வி, அனுப்புது. பிரிண்டருக்கு அது புரியாது, பேசாம இருக்கு. பதிலுக்குக் காத்திருக்கிற டி.எக்ஸ்-பீரியட் முடிஞ்சதும் ஸ்விட்ச் மறுபடி கேட்கும். சிஸ்கோவில தொடாம விட்டா அந்தப் பீரியட் 30 விநாடி, மறுபடி கேட்கிறது 2 தடவை. முதல் கேள்வியையும் சேர்த்தா 90 விநாடி. அதுக்கப்புறம்தான் "சரி, இவனுக்கு டாட்1எக்ஸ் தெரியாது"ன்னு முடிவு பண்ணி எம்.ஏ.பி.க்கு இறங்கும். உங்க பிரிண்டர் அவ்வளவு நேரம் டி.எச்.சி.பி. சர்வர்கிட்ட ஐ.பி. கேட்டுக்கிட்டு இருக்காது. பதிலே வரலைன்னு தானா ஒரு 169.254 முகவரியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுது. அணைச்சுப் போட்டா லிங்க் விழுந்து எழும், 90 விநாடி மறுபடி முதல்லேர்ந்து. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் புதுப்பிச்சா உடனே வருதுன்னீங்களே, அதுக்குள்ள எம்.ஏ.பி. முடிஞ்சு போர்ட் திறந்திருக்கு, அதான் காரணம்.

டி.எக்ஸ்-பீரியடை 7 ஆக்குங்க, 21 விநாடியில இறங்கிடும். 10 வெச்சாலும் பரவாயில்லை. ஆனா 2, 3ன்னு ரொம்பக் குறைச்சா மெதுவா பூட் ஆகிற கணினி எல்லாம் தன் டாட்1எக்ஸ் சர்வீஸ் எழுந்திருக்கிறதுக்குள்ள எம்.ஏ.பி.க்குப் போய் அங்க தோத்துட்டு வரும். பிறகு அது ஈ.ஏ.பி. ஸ்டார்ட் அனுப்பி சரியாகிடும்தான், ஆனா லாக் முழுக்கக் குப்பை சேரும். சிலர் வரிசையையே மாத்தி எம்.ஏ.பி.யை முன்னாடி வைப்பாங்க. பிரிண்டர் டக்னு வந்துடும், பதிலுக்கு ஒவ்வொரு கணினியும் ஒரு தடவை எம்.ஏ.பி.யில தோத்துட்டுத்தான் வரும். எனக்கு அது பிடிக்கல. என்.பி.எஸ். நிகழ்வுப்பதிவுல 6273 (அனுமதி மறுப்பு) மலை மாதிரி குவிஞ்சா நிஜமான மறுப்பு எங்க இருக்குன்னு தேட முடியாது.

கணக்குப் பிரிவு பிரிண்டர்தான் எனக்குப் பிடிச்ச கேஸ். எம்.ஏ.பி. நடக்கணும்னா அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பாக்கெட்டாவது வரணும். மேக் முகவரியைப் பார்த்தாத்தானே ஸ்விட்ச் போய் ரேடியஸ்கிட்ட கேட்க முடியும்? டி.எச்.சி.பி. பிரிண்டர் வாயைத் திறந்து முகவரி கேட்குது, அதனால மேக் தெரிஞ்சிடுது. கையால ஐ.பி. கொடுத்த பிரிண்டருக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. யாராவது கூப்பிட்டா பதில் சொல்லும், அவ்வளவுதான். அது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது லிங்க் வேகத்தைக் குறைக்க ஒரு தடவை விழுந்து எழும். ஸ்விட்ச் அப்பவே பழைய செஷனை அழிச்சிடும். (இன்ஆக்டிவிட்டி டைமர் போட்டிருந்தா லிங்க் விழாமலே அழியும், அதையும் பாருங்க.) அங்கீகாரம் இல்லாத போர்ட், வெளியிலிருந்து வர்ற ஏ.ஆர்.பி., அதாவது "இந்த ஐ.பி. யாரோடது?"ன்னு கேட்கிற பாக்கெட், உள்ள போகாது. பிரிண்டருக்கு யாரும் கூப்பிடுறதே கேட்காது, அதனால அது பதில் சொல்லாது, அது பேசாததனால போர்ட் திறக்காது. நீங்க பொத்தானை அழுத்தினா அது முழிச்சு ஏதோ ஒரு பாக்கெட் அனுப்புது, அதுல மேக் தெரிஞ்சு எல்லாம் சரியாகிடுது.

இதுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, ஸ்டாட்டிக் ஐ.பி.யை எடுத்துட்டு டி.எச்.சி.பி. சர்வர்ல ரிசர்வேஷன் போடுங்க. முகவரி மாறாது, பிரிண்டரும் அப்பப்ப பேசும். இன்னொண்ணு, அந்த போர்ட்ல கன்ட்ரோல்-டைரக்ஷன் இன்னு ஒரு கட்டளை இருக்கு. உள்ள வர்றதை மட்டும் தடுக்கும், ஸ்விட்ச்லேர்ந்து கருவிக்குப் போறதை விட்டுடும். ஏ.ஆர்.பி. போய்ச் சேரும், பிரிண்டர் பதில் சொல்லும், அந்தப் பதிலே எம்.ஏ.பி.யைத் தொடங்கி வைக்கும். வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியா கணினியை எழுப்புறது) வேணும்னாலும் இதேதான். ஆனா ஒண்ணு கவனிங்க, அங்கீகாரத்துக்கு முன்னாடி போர்ட் எந்த வி-லேன்ல (ஸ்விட்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்) இருக்கோ அந்த பிராட்காஸ்ட்தான் போகும். பிரிண்டர் வி-லேனை ரேடியஸ்லேர்ந்து அனுப்புறீங்கன்னா போர்ட்டோட சொந்த வி-லேனும் அதுவாவே இருக்கட்டும்.

போன் கதைக்கு வருவோம். கணினியைக் கழட்டினது ஸ்விட்சுக்குத் தெரியாது, ஏன்னா ஸ்விட்சுக்கும் போனுக்கும் இடையில லிங்க் அப்படியே இருக்கு. பழைய மேக்கோட செஷன் உயிரோட இருக்கும்போது புது மேக் வருது. மல்டி-டொமைன்ல டேட்டா பக்கம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். ரெண்டாவது ஆள் வந்தா அது மீறல். தொடாம விட்டா மீறலுக்குத் தண்டனை போர்ட்டை மூடுறது. வயலேஷன் ரீப்ளேஸ்னு மாத்துங்க, பழைய செஷனைத் தூக்கிட்டுப் புதுசை விசாரிக்கும். நல்ல போன்கள் கணினி கழண்டதும் சி.டி.பி. வழியா ஸ்விட்சுக்குச் சொல்லும், இல்ல அது சார்பா ஈ.ஏ.பி. லாக்ஆஃப் அனுப்பும். உங்க போன்ல அந்த வசதி இருந்தா அதையும் போடுங்க. முக்கியமா, போன் அங்கீகாரம் ஆகும்போது "இது வாய்ஸ்"னு சொல்ற டிவைஸ்-டிராஃபிக்-கிளாஸ் பண்பு ரேடியஸ்லேர்ந்து போகுதான்னு பாருங்க. அது போகலேன்னா போனே டேட்டா இடத்தைப் பிடிச்சுக்கும், பின்னாடி இருக்கிற கணினிக்கு வழியே இருக்காது.

விண்டோஸ் 11 பத்தி நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. 22எச்2லேர்ந்து எண்டர்பிரைஸ் பதிப்புல பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற கிரெடென்ஷியல் கார்டு தானாவே ஆன் ஆகியிருக்கும். அது லாகின் பண்ணின பாஸ்வேர்டை, பீப்புக்குள்ள அதைச் சரிபார்க்கிற எம்.எஸ்.சாப்-வி2வுக்குத் தராது. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கேட்குது. கிரெடென்ஷியல் கார்டை அணைச்சா உடனே சரியாகும்னு யாராவது சொல்வாங்க, கேட்காதீங்க. பாஸ்வேர்டுக்குப் பதிலா சான்றிதழைப் பார்க்கிற ஈ.ஏ.பி-டி.எல்.எஸ்ஸுக்குப் போங்க. உங்ககிட்ட டொமைன் இருக்கு, என்.பி.எஸ். இருக்கு, ஏ.டி. (ஆக்டிவ் டைரக்டரி) சான்றிதழ் சேவை ஒண்ணு நிறுவி, கம்ப்யூட்டர் சான்றிதழை ஆட்டோ-என்ரோல்மென்ட்ல தள்ளிட்டா பயனர் கையை வைக்க வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டர் சான்றிதழ்னு அழுத்திச் சொல்றேன். பயனர் சான்றிதழ் மட்டும் வெச்சா லாகின் பண்றதுக்கு முன்னாடி நெட்வொர்க் இருக்காது, புதுசா வந்தவர் அந்தக் கணினியில முதல் தடவை லாகினே பண்ண முடியாது. அப்புறம் பாலிசியில சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கிறது, நம்ப வேண்டிய ரூட், சர்வர் பெயர் மூணையும் நிரப்புங்க. அதை வெறுமனே விட்டிருக்கிற இடங்களைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்கும்.

வயர்டு ஆட்டோகான்ஃபிக் சர்வீஸ் விண்டோஸ்ல தானா ஓடாது. பாலிசியில ஆட்டோமேட்டிக் ஆக்கியிருக்கீங்களான்னு ஒரு தடவை பாருங்க, எல்லா பூதமும் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்.

இனிமே நான் சொல்றதுதான் முக்கியம். உங்க முதல் மாடி இப்ப மூடின நிலையில இருக்கு. அதை இன்னிக்கே திறந்துடுங்க. ஆதென்டிகேஷன் ஓப்பன்னு ஒரு வரி, டாட்1எக்ஸும் எம்.ஏ.பி.யும் நடக்கும், தோத்தாலும் போர்ட் திறந்தே இருக்கும். மூணு மாடியிலும் இப்படியே போட்டுட்டு லாக்கை மட்டும் பாருங்க. தோக்கிற ஒவ்வொரு மேக்கையும் தேடிப் போனா யு.பி.எஸ். கார்டு, கதவுப் பூட்டு கன்ட்ரோலர், கூட்ட அறை டிவி, யாருமே பட்டியல்ல எழுதாத ஏதோ ஒரு பெட்டி எல்லாம் வெளிய வரும். பட்டியல் அடங்கின பிறகு மாடி மாடியா மூடுங்க. திறந்த நிலையில இருக்கும்போது ரேடியஸ்லேர்ந்து வி-லேன் அனுப்பாதீங்க. திறந்திருந்தாலும் ஸ்விட்ச் அதை அப்படியே நடைமுறைப்படுத்தும், "சும்மா பார்க்கத்தானே போட்டோம்"னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே யாரோ வேற வி-லேன்ல போய் விழுவாங்க.

சர்வர் ரேக்ல இதைப் போடாதீங்க. என்.பி.எஸ். இருக்கிற மெஷினோட போர்ட்டே அங்கீகாரத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கும், அதை யார் அங்கீகரிக்கிறது?

மூன்றாம்மாடி:

மிக்க நன்றி அண்ணா. முதல் மாடியை அன்றே திறந்து வைத்துவிட்டேன், மற்ற இரண்டும் இப்போது திறந்த நிலையில்தான் ஓடுகின்றன. டி.எக்ஸ்-பீரியட் 7 ஆக்கியதும் காலைப் பிரிண்டர் புகார் நின்றுவிட்டது. கணக்குப் பிரிவு பிரிண்டர் ரிசர்வேஷனுக்கு மாறிவிட்டது. போன்களுக்கு வாய்ஸ் பண்பு போய்க்கொண்டுதான் இருந்தது, ரீப்ளேஸ் மட்டும் போட்டேன்.

டி.எல்.எஸ். பக்கம் ஒரு சிக்கல். மூன்று மாடிகளிலும் சான்றிதழ் வைத்த கணினிகள் நொடியில் உள்ளே வந்துவிடுகின்றன. எதிர்க் கட்டடத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அங்கிருந்து என்.பி.எஸ்ஸுக்கு ஒரு ஃபயர்வாலும் ஐ.பி.செக் டனலும் (மறையாக்கம் செய்த வழி) தாண்டி வர வேண்டும். அங்கே அதே மடிக்கணினி, அதே சான்றிதழ், ஆனால் அங்கீகாரம் முடிவதே இல்லை. பீப் அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது. எம்.ஏ.பி.யும் செய்கிறது. என்.பி.எஸ். பதிவில் மறுப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, கூட்ட அறையில் யாரோ ஒரு சின்ன 5 போர்ட் ஸ்விட்சை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் உள்ள கணினிகள் திறந்த நிலையில்கூட டாட்1எக்ஸ் முயற்சியே காட்டவில்லை. நேராக எம்.ஏ.பி.யில் தோற்பதாக வருகிறது.

சந்தேகப்பிராணி:

இழையின் போக்கைக் கெடுக்க விரும்பவில்லை, ஆனால் எம்.ஏ.பி. பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. என்.பி.எஸ்ஸில் அதை எப்படிச் செய்திருக்கிறீர்கள்? பெரும்பாலானோர் செய்வது போல, ஏ.டி.யில் மேக் முகவரியைப் பயனர்பெயராகவும் அதையே பாஸ்வேர்டாகவும் வைத்து ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு கணக்கு திறந்திருந்தால், அவை எல்லாம் உண்மையான டொமைன் கணக்குகள். பிரிண்டரின் பின்புறத்தில் அச்சிட்ட 12 எழுத்து-எண்களைப் பார்த்த எவரும் அதை பீப் கேட்கும் இடத்தில் அடித்து, ஊழியர் வி-லேனுக்குள் போகலாம். மேக் முகவரியைப் போலி செய்ய வேண்டிய தொல்லைகூட இல்லை. பீப் பாலிசியில் யாரை அனுமதிக்கிறீர்கள் என்று பாருங்கள். "டொமைன் யூசர்ஸ்" என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். அந்தக் கணக்குகளைத் தனிக் குழுவில் போட்டு, டொமைன் யூசர்ஸிலிருந்து வெளியே எடுத்து, எங்கும் லாகின் செய்ய முடியாதபடி மறுத்துவிடுங்கள்.

எம்.ஏ.பி. கோரிக்கையை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய சர்வீஸ்-டைப் கால்-செக் என்று வரும். உங்கள் எம்.ஏ.பி. பாலிசி அந்த நிபந்தனையில் மட்டும் பொருந்தட்டும்.

அடுத்தது, 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்-ரேடியஸ், சி.வி.இ-2024-3596. ரேடியஸ் பதில்களைக் காக்கும் எம்.டி.5 முறையில் உள்ள ஓட்டை அது. நடுவில் இருப்பவர் மறுப்பை அனுமதியாக மாற்றிவிடலாம். ஈ.ஏ.பி. போகும் இடங்களில் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் கட்டாயம் என்பதால் அங்கே பாதிப்பில்லை. எம்.ஏ.பி. பெரும்பாலும் சாதாரண பாஸ்வேர்டு கோரிக்கையாகப் போகிறது. அங்கே பாதிப்பு உண்டு. ஸ்விட்ச் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, என்.பி.எஸ்ஸில் ஒவ்வொரு ரேடியஸ் கிளையன்டுக்கும் அந்தப் பண்பு இருந்தே ஆக வேண்டும் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். வரிசை முக்கியம். ஸ்விட்ச் அனுப்பத் தொடங்கும் முன் டிக் செய்தால் எல்லா எம்.ஏ.பி.யும் அப்படியே நின்றுவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் எம்.ஏ.பி. பாதுகாப்பு அல்ல. ஒரு பிரிண்டரின் இடத்தைப் பிடித்த ஒருவனால் பிரிண்டர் போகும் இடத்துக்கு மட்டும் போக முடிகிற மாதிரி வி-லேனையும் ஏ.சி.எல்லையும் (எங்கே போகலாம் என்ற விதிப்பட்டியல்) இறுக்கினால்தான் அதற்கு அர்த்தம். பிரிண்டர் ஏன் ஃபைல் சர்வரைத் தொட வேண்டும்? ஸ்கேன் செய்து அனுப்பும் ஒரு ஃபோல்டர் தவிர வேறு எதற்கும் வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் பயமுறுத்துகிறேன். 802.1எக்ஸ் முதலில் வந்தது 2001இல். 2004 பதிப்பு வரை அது கதவைத் திறப்பதோடு சரி. திறந்த பிறகு போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தக் கணினியுடையதுதானா என்று பார்க்காது. இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள சின்னப் பெட்டியைச் சுவருக்கும் கணினிக்கும் நடுவில் வைத்தால், கணினி அங்கீகாரம் பெறும் வரை அது பேசாமல் கடத்தும், பிறகு அதே மேக்கையும் ஐ.பி.யையும் அணிந்துகொண்டு தானும் பேசும். டி.எல்.எஸ். இருந்தாலும் இது நடக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு ஃபிரேமையும் சாவியால் காக்கும் மேக்செக். 2006இல் வந்த 802.1ஏ.இ. அதற்கான சாவிப் பரிமாற்றம் 802.1எக்ஸின் 2010 பதிப்பில் சேர்ந்தது. கணினியும் ஸ்விட்சும் இரண்டும் ஆதரித்தால்தான் உண்டு. உங்கள் தணிக்கை இப்போதைக்கு அதைக் கேட்கவில்லை, விட்டுவிடுங்கள். இந்த எல்லைக்கோடு எங்கே என்று மேலாளரிடம் எழுத்தில் சொல்லி வையுங்கள்.

ரேக்குப்பின்னால்:

சந்தேகப்பிராணி சொன்னதுல பீப் பாலிசி விஷயத்தை முதல்ல பாருங்க. மத்ததைவிட அவசரம் அதுதான்.

எதிர்க் கட்டடம். பீப் போகுது, டி.எல்.எஸ். போகல, சர்வர்ல மறுப்பும் இல்ல. இது பாக்கெட் அளவுப் பிரச்சினை. பீப்ல கிளையன்ட் சின்னச் சின்னதாத்தான் அனுப்பும். டி.எல்.எஸ்ல கிளையன்ட் தன் சான்றிதழை அனுப்பணும், அது பெருசு. ஈ.ஏ.பி. அதை ஈதர்நெட் ஃபிரேமுக்குத் தக்க வெட்டி ஸ்விட்சுக்கு அனுப்பிடும். ஸ்விட்ச் அந்தத் துண்டை எடுத்து ரேடியஸ்க்குள்ள வெச்சு, பயனர்பெயர், போர்ட் எண், மேக்னு தன் பண்புகளையும் சேர்த்தா 1500 தாண்டிடுது. யு.டி.பி. பாக்கெட் ஐ.பி. மட்டத்துல ரெண்டா உடையும். டனல்ல போனா இன்னும் சீக்கிரமே உடையும். ஃபயர்வால் ரெண்டாவது துண்டைத் தூக்கிப் போட்டுடுது. ரெண்டாவது துண்டுல போர்ட் எண் இருக்காது பாருங்க, ரேடியஸ் போர்ட் 1812க்கு அனுமதின்னு எழுதின விதி அதுக்குப் பொருந்தாது.

ரெண்டு முனையிலும் ஒரே நேரத்துல வயர்ஷார்க் போட்டுப் பாருங்க. ஸ்விட்ச் பக்கம் ஆக்சஸ்-ரிக்வெஸ்ட், சேலஞ்ச், ரிக்வெஸ்ட், சேலஞ்ச்னு நாலஞ்சு தடவை ஒழுங்கா போய் வரும். அப்புறம் ஒரு பெரிய ரிக்வெஸ்ட், அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டு இருக்கும். என்.பி.எஸ். பக்கம் அந்தப் பெரியதுல முதல் பாதி மட்டும் வந்திருக்கும், இல்ல ஒண்ணுமே வந்திருக்காது. முழுசா வந்து சேராத கோரிக்கையை என்.பி.எஸ். பதிவுல எழுதாது, அதான் உங்களுக்கு வெறுமையா தெரியுது.

வலையில தேடினா எல்லாரும் ஃப்ரேம்டு-எம்.டி.யூ.வை 1344 ஆக்குன்னு சொல்வாங்க. அது சர்வர் அனுப்புற ஈ.ஏ.பி. துண்டைச் சின்னதாக்கும். சர்வரோட சான்றிதழ் வழியில தொலையுதுன்னா அது சரியான மருந்து. உங்க கேஸ்ல நிக்கிறது கிளையன்ட்லேர்ந்து போறதுன்னு நினைக்கிறேன், பீப்லயும் சர்வர் சான்றிதழ் வருமே, அது ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்கு. அதனால ஃபயர்வால்லயும் டனல் முனைகள்லயும் துண்டுகளைச் சேர்த்து அனுப்புறதுக்கு வழி பண்ணுங்க. ஸ்விட்சும் சர்வரும் ஆதரிச்சா ரேட்செக் இருக்கு, டி.சி.பி. 2083ல டி.எல்.எஸ்ஸுக்குள்ள ரேடியஸ், துண்டுப் பிரச்சினையே வராது. ஆனா என்.பி.எஸ். அதைப் பேசாது, நடுவுல ஒரு ப்ராக்ஸி வைக்கணும். ஒரே ஒரு ஸ்விட்சுக்காக அதைப் பண்ண மாட்டேன்.

5 போர்ட் குட்டி ஸ்விட்ச். ஈ.ஏ.பி. ஓவர் லேன் ஃபிரேம் போற முகவரி 01-80-சி2-00-00-03. தரத்தின்படி நடக்கிற எந்த பிரிட்ஜும் அந்த முகவரிக்கு வர்றதை அடுத்த போர்ட்டுக்குக் கடத்தாது, அங்கேயே விழுங்கிடும். சில மலிவான ஸ்விட்ச் கடத்தும், சிலது கடத்தாது. உங்களுது ரெண்டாவது வகை. கடத்துற ஒண்ணைத் தேடி வாங்கி மல்டி-ஆத் (ஒரே போர்ட்ல பல கணினி) போட்டு ஓட்டலாம், ஆனா அறையில இன்னும் ரெண்டு கேபிள் இழுத்துட்டு அதைப் பிடுங்கி எறியறதுதான் நல்லது.

என்.பி.எஸ். ரெண்டு வெச்சிருக்கீங்களா? ஒண்ணுதான்னா மூடறதுக்கு முன்னாடி ரெண்டாவது வந்தாகணும். ரெண்டும் செத்தா என்ன பண்ணணும்னும் ஸ்விட்சுக்குச் சொல்லி வையுங்க. சொல்லாம விட்டா புதுசா வர்ற யாரையும் உள்ள விடாது. சர்வர் டெட் ஆனா இந்த வி-லேன்ல விடுன்னு ஒரு வரி, வாய்ஸ்க்குத் தனியா ஒரு வரி. வாய்ஸ் வரியை எல்லாரும் மறந்துடுவாங்க.

மூன்றாம்மாடி:

வயர்ஷார்க்கில் நீங்கள் சொன்னபடியேதான். ஸ்விட்ச் பக்கம் 1600 பைட்டைத் தாண்டிய ரிக்வெஸ்ட் ஒன்று இரண்டாக உடைந்து போகிறது, என்.பி.எஸ். பக்கம் முதல் துண்டு மட்டும் வருகிறது. ஃபயர்வால் பார்ப்பவர் துண்டுகளைச் சேர்க்கும் அமைப்பை மாற்றியதும் எதிர்க் கட்டடமும் உள்ளே வந்துவிட்டது. பீப் பாலிசியில் டொமைன் யூசர்ஸ்தான் இருந்தது; சந்தேகப்பிராணி அவர்களுக்கு நன்றி, இப்போது ஊழியர் குழு மட்டும். இரண்டாவது என்.பி.எஸ்ஸுக்கு அனுமதி வாங்கிவிட்டேன்.

இரண்டு கேள்விகள் மிச்சம். எம்.டி.எம். (கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக சான்றிதழ் பெறும் சில மடிக்கணினிகள் மட்டும் 6273, காரணக் குறியீடு 16 என்று தோற்கின்றன. ஆட்டோ-என்ரோல் ஆனவை தோற்பதில்லை. இரண்டாவது, மறு அங்கீகாரத்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ரேடியஸிலிருந்து அனுப்பினேன், அந்த நேரம் வந்ததும் கணினியின் இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்புகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் இருப்பவர்கள் கத்துகிறார்கள்.

ரேக்குப்பின்னால்:

16க்கு டொமைன் கன்ட்ரோலர்ல சிஸ்டம் லாக்கைத் திறந்து நிகழ்வு 39 இருக்கான்னு பாருங்க. 2022 மே புதுப்பிப்புலேர்ந்து சான்றிதழுக்குள்ள கணக்கோட எஸ்.ஐ.டி. (அடையாள எண்) இருக்கணும்னு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தாங்க, 2025 பிப்ரவரியில அதைக் கட்டாயமாக்கிட்டாங்க. ஆட்டோ-என்ரோல்ல வர்றதுல சான்றிதழ் சேவையே அதைச் சேர்த்துடும். எம்.டி.எம். வழியா வர்றதுல பெயரைக் கோரிக்கையே கொடுக்கிறதனால எஸ்.ஐ.டி. தானா வராது. எம்.டி.எம். ப்ரொஃபைல்ல அதைச் சேர்க்க இடம் இருக்கும், சேர்த்துட்டுச் சான்றிதழைப் புதுசா கொடுங்க.

எட்டு மணி நேர அறுப்புக்கு, செஷன்-டைம்அவுட் மட்டும் அனுப்புறீங்க. கூடவே டெர்மினேஷன்-ஆக்ஷனை ரேடியஸ்-ரிக்வெஸ்ட்னு அனுப்புங்க, மதிப்பு 1. அது இல்லேன்னா நேரம் முடிஞ்சதும் செஷனை முடிச்சிட்டுத்தான் மறுபடி தொடங்கும். அது இருந்தா இணைப்பை அப்படியே வெச்சுக்கிட்டு மறுபடி விசாரிக்கும்.